என்னிடம்தான் கேட்டார்

2018 மார்ச் கடைசி. க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறு அப்போதுதான் வந்திருந்தது. பிற்பகல் மூன்று மணி இருக்கும். ஒரு தாயும் மகனும் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்கள். தாய் ஒரு கேள்வி கேட்டார். அதற்கான பதில் எனக்குப் பின்னால் இருந்த இரும்பு அலுமாரியில், இரண்டாம் தட்டில், ஒரு நீலக் கோப்புக்குள் இருந்தது. அது அங்கே இருப்பது எனக்குத் தெரியும். நான் கதிரையை விட்டு எழும்பவில்லை.

இதுதான் என் குற்றம். இதற்காக யாரும் என்னை விசாரணைக்குக் கூப்பிடவில்லை. ஒரு முறைப்பாடும் வரவில்லை. 2021இல் ஓய்வு பெற்றபோது பொன்னாடை போர்த்தி, குத்துவிளக்குத் தந்து அனுப்பினார்கள். பிள்ளைகளுக்காக உழைத்தவர் என்று பேசினார்கள். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பார்த்தவர்கள் அதை அடக்கம் என்று நினைத்திருப்பார்கள். அந்தப் பையனின் முகம் மனதில் வந்ததால்தான் தலை குனிந்தது.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். தீர்ப்புச் சொல்ல வேண்டியவர்கள் வாசிக்கிறவர்கள். அவர்களுக்குப் பாதி உண்மையைக் கொடுப்பது இன்னொரு குற்றம்.

களனி கங்கை கடலோடு சேருகிற இடம் முகத்துவாரம். கொழும்பு 15. ஒரு பக்கம் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் தெரியும். ஒரு பக்கம் மீன்பிடித் துறை. நடுவில் தோட்டங்களும் தொடர்மாடிகளும். நான் படிப்பித்த பாடசாலை அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. பெயரைச் சொல்லமாட்டேன். பிழை பாடசாலையுடையதில்லை. 11ஆம் தரம் வரை மட்டும் உள்ள சிறிய தமிழ்ப் பாடசாலை அது. பிள்ளைகளின் தகப்பன்மாரில் சிலர் கடலுக்குப் போகிறவர்கள். சிலருக்குத் துறைமுகத்தில் வேலை. நிறையப் பேர் புறக்கோட்டையில் நாட்டாமைகள். கொழும்பில் நாட்டாமை என்றால் மூட்டை சுமக்கிறவர்.

நான் கொட்டாஞ்சேனைக்காரி. தமிழ் ஆசிரியை. இணைப்பாடவிதானம் முழுக்க என் பொறுப்பில் இருந்தது. தமிழ் மொழித் தினப் போட்டி, வாசிப்பு மாதம், மாணவர் பாராளுமன்றம், சுற்றாடல் முன்னோடிகள் என்று வருடம் முழுவதும் ஏதாவது ஒன்று நடக்கும். வலயத்திலிருந்து புதிதாக எந்தச் செயற்பாடு வந்தாலும் அதன் தாள் என் கைக்குத்தான் வரும். தொழில் வழிகாட்டலுக்கும் நானே பொறுப்பு. அந்தப் பொறுப்பைக் கேட்டு வாங்கியவளும் நானே. என் பெயர் வலயத்தில் தெரிய வேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்தது.

அந்த ஆசைக்கு 2016இல் தீனி கிடைத்தது. அகில இலங்கைத் தமிழ் மொழித் தினப் போட்டி பாடசாலையில் தொடங்கி, கோட்டம், வலயம், மாகாணம் என்று படிப்படியாக ஏறிப் பிறகுதான் தேசிய மட்டத்துக்குப் போகும். பேச்சிலும் கட்டுரையிலும் பெரிய பாடசாலைகளோடு மோதி வலயத்தைத் தாண்டுவது எங்களுக்குக் கஷ்டம். அந்த வருடம் நாட்டுக்கூத்துக்குப் போனோம். கடலோரக் கதை. கதைக்கு மேடையில் ஒரு படகு வேண்டும்.

அந்தப் படகைச் செய்தவன், பிறகு தாயோடு என் மேசைக்கு முன்னால் வந்து நின்ற அந்தப் பையன். அப்போது 10ஆம் தரம். மூங்கிலை வளைத்துக் கட்டினான். ரிஜிபோம் வெட்டி ஒட்டினான். மீன்பிடித் துறையில் எறிந்து கிடந்த கிழிந்த வலையைக் கழுவிக் கொண்டுவந்து பக்கங்களில் போர்த்தினான். தகப்பனுடைய தள்ளுவண்டியின் பழைய பெயாரிங்குகளை அடியில் பூட்டினான். ஆறு பிள்ளைகள் ஏறி நின்றாலும் அது ஆடாமல் ஓடியது. அலை மோதும் காட்சிக்கு மட்டும் அது ஆட வேண்டும். அதற்கு ஒரு கயிறும் ஒரு பலகையும் வைத்திருந்தான். திரைக்குப் பின்னால் இருந்து அவன் கயிற்றை இழுத்தால் படகு கடலில் நிற்பது போல அசையும். ஒத்திகையில் ஒலிவாங்கி பழுதானபோது அதைக் கழற்றித் திருத்தியவனும் அவன்தான்.

வலயத்தில் முதலிடம் வந்தோம். மாகாணத்தில் இரண்டாமிடம். நடுவர் ஒருவர் படகைச் சுற்றி வந்து தொட்டுப் பார்த்தார். "யார் செய்தது?" என்று கேட்டார். நான் "எங்கள் பிள்ளைகள்" என்றேன். அவன் இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டிருந்தான். அவனைக் கூப்பிட்டுக் காட்ட எனக்குத் தோன்றவில்லை. அவனுடைய சேர்ட்டில் பசையும் சாயமும் இருந்தன.

சான்றிதழ் மேடையில் நின்றவர்களுக்குத்தான் வந்தது. விண்ணப்பத்தில் பெயர்களை எழுதியவள் நான். அவன் பெயரை எழுதவில்லை. காலைக் கூட்டத்தில் பிள்ளைகளை வரிசையாகக் கூப்பிட்டுச் சான்றிதழ் கொடுத்தோம். அவன் ஒலிவாங்கிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் நின்றான். எல்லாரையும் விடக் கூடுதலாகக் கைதட்டினான். அவனுக்காகப் பாடசாலைத் தலைப்புத்தாளில் நாலு வரி எழுதி, அதிபரிடம் கையொப்பம் வாங்கியிருக்கலாம். பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடத்தையும் நான் கொடுக்கவில்லை.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், 2018இல் நடந்தது ஒரு நாள் தவறு என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. அதன் வேர் இங்கே இருக்கிறது. கையால் செய்கிற வேலையை நான் வேலையாகப் பார்த்தேன். கல்வியாகப் பார்க்கவில்லை.

அந்த எண்ணத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. அதை என் பாதுகாப்புக்காகச் சொல்லவில்லை. 1972இல் கல்விச் சீர்திருத்தம் வந்தபோது நான் சிறு பிள்ளை. பழைய சாதாரண தரத்தை எடுத்துவிட்டுப் புதிய சான்றிதழ் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதில் தொழில்முன்னிலைப் பாடங்கள் என்று இருந்தன. அந்தந்த ஊரின் தொழிலை அந்தந்த ஊர்ப் பிள்ளை பாடசாலையிலேயே பழக வேண்டும் என்பது நோக்கம். நாங்கள் பாய் பின்னப் பழகினோம். என் அப்பா அதைப் பார்த்துக் கொதித்தார். "நான் உன்னைப் படிக்க அனுப்பினேனா, பாய் இழைக்க அனுப்பினேனா?" என்று கேட்டார். 1977இல் ஆட்சி மாறியது. அந்தப் பாடங்களும் போய்விட்டன. அப்பாவுக்கு நிம்மதி. எனக்கும்தான்.

இந்த நாட்டில் அது முதல் தடவையும் இல்லை. 1930களிலேயே கண்டிக்குப் பக்கத்தில் ஹந்தெஸ்ஸவில் கிராமத் தொழிலையும் படிப்பையும் சேர்த்து ஒரு திட்டத்தைத் தொடங்கினார்கள். இலவசக் கல்வியைத் தந்த கன்னங்கரா அதற்குத் துணை நின்றார். அது நிலைக்கவில்லை. 1945இலிருந்து இலவசக் கல்வி வந்தபோது ஏழை வீட்டுக்காரர் அதில் கண்ட கனவு ஒன்றுதான். பிள்ளை கையில் அழுக்குப் படாத உத்தியோகம். அந்தக் கனவில் வளர்ந்தவள் நான். பாய் பின்னிய வகுப்பை வாழ்க்கை முழுவதும் மறைத்தேன். பிறகு அந்த வெட்கத்தை எடுத்து மற்றவர்களுடைய பிள்ளைகள் மேல் போட்டேன்.

இனி அந்த நீலக் கோப்புக்குள் இருந்த தாளுக்கு வருகிறேன்.

13 வருட உத்தரவாதக் கல்வி என்ற திட்டத்தை 2017இல் அரசாங்கம் தொடங்கியது. முதற் கட்டத்தில் 42 பாடசாலைகள். எந்தப் பிள்ளையும் 11ஆம் தரத்தோடு வீதிக்குப் போகக்கூடாது, 13 வருடம் முழுமையாகப் படிக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. சாதாரண தரத்தில் சித்தியடையாத பிள்ளைக்கும் 12ஆம் தரத்தில் இடம் உண்டு. கலை, வர்த்தகம், விஞ்ஞானம் போல தொழிற்துறைக்கும் ஒரு பாடத்துறை. முதலில் பாடசாலையிலேயே மொழி, தகவல் தொழில்நுட்பம் போன்ற பொதுப் பாடங்கள். அதோடு தெரிவு செய்த தொழிற்பாடங்கள். பிறகு பயிற்சி நிலையத்திலும் வேலைத்தலத்திலும் பயிற்சி. முடிவில் தேசிய தொழில் தகைமையின் 4ஆம் மட்டச் சான்றிதழ். அந்தத் தகைமை ஏழு மட்டம் கொண்டது. 5, 6 டிப்ளோமா. 7 பட்டம். இரத்மலானையில் தொழிற்கல்விக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆக 4இல் நிற்கிற பிள்ளைக்கு மேலே போகவும் படி உண்டு.

2018 தொடக்கத்தில் அதைப் பற்றிய தாள் என்னிடம் வந்தது. 26 தொழிற்பாடங்களின் பட்டியல் இருந்தது. மின்னியலும் இலத்திரனியலும் இருந்தன. உலோக வேலை இருந்தது. அலுமினிய வேலை இருந்தது. கட்டட வேலை, நீர்வளம், அரங்கக் கலை, உள்ளக அலங்காரம் எல்லாம் இருந்தன. இன்றைக்கு அந்தப் பட்டியலை வாசித்தால், அவனுடைய படகைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு எழுதியது போல இருக்கிறது. அன்றைக்கு எனக்கு அப்படித் தெரியவில்லை. மேலோட்டமாகப் பார்த்தேன். "பெயிலானவர்களுக்கான வகுப்பு" என்று மனதுக்குள் பெயர் வைத்தேன்.

ஆசிரியர் கூட்டத்தில் அந்தத் தாளைப் பற்றிப் பேச்சு வந்தது. நான் எழும்பிப் பேசினேன். "பெயிலானாலும் இடம் உண்டு என்று தெரிந்தால் நம்முடைய பிள்ளைகள் பரீட்சைக்கு மினக்கெட மாட்டார்கள். பெறுபேறு வரட்டும், பிறகு பார்ப்போம்" என்றேன். புதிதாக வந்த இளம் ஆசிரியை ஒருவர், "பிள்ளைகளுக்கும் தாய் தகப்பனுக்கும் சொல்லாமல் விடலாமா டீச்சர்?" என்று கேட்டார். "புதுத் திட்டம் வரும், போகும். நான் பார்த்திருக்கிறேன்" என்றேன். என் வயதுக்கு முன்னால் அவர் பேசாமல் இருந்துவிட்டார். யாரும் என்னைத் தடுக்கவில்லை. யாரும் என்னை அப்படிச் சொல்லச் சொல்லவுமில்லை. கூட்டம் முடிந்து நானே அந்தத் தாளை நீலக் கோப்புக்குள் வைத்தேன்.

கூட்டத்தில் சொன்ன காரணம் நியாயம் போலக் கேட்கும். அது உண்மையான காரணம் இல்லை. எங்கள் பாடசாலையிலிருந்து உயர்தரத்துக்குப் போகும் பிள்ளைகளின் தொகையை ஒவ்வொரு வருடமும் என் கையால் பலகையில் எழுதுவேன். எந்தப் பெரிய பாடசாலையில் யாருக்கு இடம் கிடைத்தது என்றும் எழுதுவேன். அந்தப் பலகையில் "தொழிற்துறை" என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. பெருமைதான் காரணம். என் பெருமை.

பெறுபேறு வந்தது. நாடு முழுவதும் பரீட்சைக்குத் தோற்றியவர்களில் 100க்கு 25 பேருக்கு மேல் உயர்தரத்துக்குத் தகுதி பெறவில்லை. ஆறு பாடங்களில் சித்தி வேண்டும், அதில் மூன்று திறமைச் சித்தியாக இருக்க வேண்டும். அந்தக் கணக்குக்கு வெளியே நின்றவர்களில் அவனும் ஒருவன்.

அன்று பிற்பகல் என் மேசைக்கு முன்னால் அவன் நீட்டிய பெறுபேற்றுத் தாளை வாங்கிப் பார்த்தேன். ஒன்பது பாடங்கள். கணிதம் டபிள்யூ. விஞ்ஞானம் டபிள்யூ. ஆங்கிலம், வரலாறு, வணிகக் கல்வி மூன்றும் டபிள்யூ. என் விரல் அந்த ஐந்து டபிள்யூவிலும்தான் நின்று நின்று போனது. சித்திரத்தில் ஏ இருந்தது. வடிவமைப்பும் கட்டடத் தொழில்நுட்பமும் பாடத்தில் பி இருந்தது. அவற்றை நான் கண்டேன். ஆனால் அவற்றைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஒரு பிள்ளைக்கு முன்னால் அவனுடைய ஐந்து தோல்வியையும் விரலால் தொட்டுக் காட்டினேன். அவன் வாங்கிய ஏ-யைத் தொடவில்லை.

தாய் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். பிறகு கேட்டார். "வேற ஏதாவது வழி இருக்கா டீச்சர்? இவனுக்குக் கைவேல நல்லா வரும். அப்படி ஏதும் படிக்க இருக்கா?"

வேறு எந்தத் தாயும் இவ்வளவு சரியாகக் கேட்டதில்லை. அவர் பெயர் தெரியாமல் கேட்டது அந்தத் திட்டத்தைத்தான். என் முதுகுக்குப் பின்னால் அலுமாரி இருந்தது. சாவி மேசை லாச்சிக்குள் இருந்தது. எனக்கு நினைவு வந்தது. மறதி என்று சொல்லித் தப்ப முடியாது. தாள் நினைவு வந்தது. கூட்டத்தில் நான் பேசியதும் நினைவு வந்தது.

அந்த ஒரு கணத்தில் என் மனதில் ஓடியதை அப்படியே எழுதுகிறேன். இதைச் சொன்னால் எந்தப் பாடசாலையில் தமிழில் அந்த வகுப்பு இருக்கிறது என்று தேட வேண்டும். தொலைபேசி எடுத்துக் கேட்க வேண்டும். அதிபரிடம் போய்க் கடிதம் வாங்க வேண்டும். கூட்டத்தில் வேண்டாம் என்றவள் இன்று ஏன் கேட்கிறாள் என்று மற்றவர்கள் நினைப்பார்கள். அந்த இளம் ஆசிரியையின் முகத்தை நான் பார்க்க வேண்டி வரும். நாலு மணிக்குக் கொட்டாஞ்சேனையில் எனக்கு டியூஷன் வகுப்பு இருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. பெருமை, பயம், சோம்பல் மூன்றும் சேர்ந்தன. ஒரு பிள்ளையின் எதிர்காலத்தை விட அவை கனமாக இருந்தன.

"இன்னொரு தரம் எழுதட்டும் அம்மா. நல்ல டியூஷன் போட்டால் பாஸ் பண்ணுவான்" என்றேன். எனக்குத் தெரிந்த ஒருவருடைய வகுப்பின் முகவரியைத் துண்டில் எழுதிக் கொடுத்தேன். அவனைப் பார்த்து, "மினக்கெட்டுப் படி மகன்" என்றேன்.

"சரி டீச்சர்" என்றான். இருவரும் என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். நான் பஸ்ஸைப் பிடித்தேன்.

அதற்கு என்ன விலை, அதை யார் கொடுத்தார்கள் என்பதைப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அறிந்தேன். தாய் தன் தோட்டை அடகு வைத்து டியூஷன் காசு கட்டினார். மூன்று பாடத்துக்கு மூன்று காசு. அவன் நாலு மாதம் போனான். வகுப்பில் எண்பது பிள்ளைகள். அவனுக்கு அங்கே ஒன்றும் புரியவில்லை. முதல் தரம் புரியாதது இரண்டாம் தரம் அதே வேகத்தில் சொன்னால் எப்படிப் புரியும்? அடுத்த மாதக் காசு கட்ட முடியாமல் போனது. தகப்பனுக்கு முதுகு வலி வந்து மூட்டை தூக்க ஏலாமல் போனது. அந்தத் தள்ளுவண்டியை மகன் எடுத்தான். பதினேழு வயது. அந்த டிசம்பரில் இரண்டாம் தரப் பரீட்சைக்கு அவன் போகவில்லை. அடகு வைத்த தோடு திரும்பவில்லை.

என் வார்த்தையை நம்பியதால் அந்த வீட்டில் ஒரு தோடு போனது. ஒரு வருடம் போனது. "இவன் படிப்புக்குச் சரிவரமாட்டான்" என்ற பேச்சு அந்த வீட்டுக்குள் வந்தது. அது எல்லாவற்றையும் விடப் பெரிய நட்டம். அவனும் அதை நம்பிவிட்டான்.

2020 ஒக்டோபர் 22ஆம் திகதி பேலியகொடை மீன் சந்தையிலிருந்து கொரோனா பரவியதைத் தொடர்ந்து முகத்துவாரத்துக்கும் மட்டக்குளிக்கும் புளூமெண்டாலுக்கும் கிராண்ட்பாஸுக்கும் வெல்லம்பிட்டிக்கும் ஊரடங்கு போட்டார்கள். நாட்கூலியை நம்பிய வீடுகளில் உழைப்பு அடியோடு நின்றது. பழைய மாணவர்கள் சேர்ந்து உலர் உணவுப் பொதி கொடுத்தபோது பெயர்ப் பட்டியலைச் சரிபார்க்கச் சொல்லி எனக்கு அனுப்பினார்கள். அதில் அவன் வீடு இருந்தது. பெயருக்கு எதிரே தொழில் என்ற இடத்தில் "நாட்டாமை" என்று எழுதியிருந்தது. நான் சரி என்று அடையாளம் போட்டேன். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்போதும் ஒன்றும் செய்யவில்லை. ஊரடங்கு என்று எனக்கு நானே சாட்டுச் சொன்னேன்.

மூட்டை சுமப்பது கேவலமான தொழில் என்று நான் சொல்லவில்லை. அந்தத் தோள்கள் இல்லாவிட்டால் புறக்கோட்டையில் ஒரு கடை திறக்காது. அவனுக்கு வேறு ஒரு கதவு திறந்திருந்தது. அதை நான் மறைத்து நின்றேன். குற்றம் அதுதான்.

இரண்டாவது குற்றம் 2021இல் நடந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் மேலே எழுதியது எல்லாம் வீண்.

ஓய்வு பெற்ற சில மாதத்தில் என் வீட்டு மின்சார இணைப்பு பழுதானது. அயலவர் ஒரு பொடியனை அனுப்பினார். இருபது வயது இருக்கும். சுத்தமாக, நிதானமாக வேலை செய்தான். பிரதான ஆளியை அணைத்துவிட்டு, சோதித்துப் பார்த்த பிறகே கம்பியில் கை வைத்தான். எங்கே பழகினாய் என்று கேட்டேன். தான் 2017இல் சாதாரண தரம் எழுதியவன் என்றான். கணிதம் பெயில். 13 வருடத் திட்டத்தில் சேர்ந்து படித்து 4ஆம் மட்டச் சான்றிதழ் எடுத்ததாகச் சொன்னான். எந்த ஊர் என்று கேட்டேன். முகத்துவாரம், தொடர்மாடி என்றான். என் பாடசாலையின் பெயரைச் சொன்னதும் அவன் முகம் மலர்ந்தது.

"அப்ப அவனத் தெரியுமா டீச்சர்? கூத்துக்குப் போட் செஞ்சவன். எங்க மாடிதான். என்ன விடக் கெட்டிக்காரன். எனக்கே கரண்ட் வேல முதல் முதல் காட்டித் தந்தது அவன்தான். ஏன் டீச்சர் அவன் இந்தக் கோர்ஸுக்கு வரல்ல? ஒருத்தரும் சொல்லல்லயா?"

அவன் குற்றம் சாட்டவில்லை. தெரியாமல் கேட்டான். அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். பதவி இல்லை, பலகை இல்லை, பயப்பட ஒருவரும் இல்லை. அப்படியிருந்தும் சொன்னேன்: "தெரியல்ல மகன். அந்த நேரம் எங்களுக்கு அதைப் பற்றி ஒன்றும் வரவில்லை."

அது பச்சைப் பொய். முதல் தரம் மௌனத்தால் மறைத்தேன். இரண்டாம் தரம் வாயைத் திறந்து மறைத்தேன். அந்தப் பொய்யில் நான் என்னை மட்டும் காப்பாற்றவில்லை. தாள் அனுப்பியவர்கள் மேல், நான் பெயர் சொல்லாத யாரோ மேல், பழியைத் தள்ளினேன். அவன் தலையாட்டினான். "நம்ம பக்கத்துக்கு எதுவும் வந்து சேராதுதானே டீச்சர்" என்றான். வந்து சேர்ந்ததை ஒளித்த நானே, எதுவும் வந்து சேராது என்ற எண்ணத்தை ஓர் இளைஞன் மனதில் விதைத்தேன்.

அந்தப் பேச்சு என்னை விடவில்லை. ஆனாலும் படகு செய்தவனிடம் போக எனக்கு இரண்டு வருடம் எடுத்தது. நோய், வயது, 2022இன் பெற்றோல் வரிசை என்று காரணங்கள் இருந்தன. அவற்றை நான் நம்பவில்லை, நீங்களும் நம்ப வேண்டாம். கொட்டாஞ்சேனையிலிருந்து முகத்துவாரத்துக்கு நடந்தே போகலாம்.

2023இல் ஒரு ஞாயிறு காலை போனேன். பாடசாலையில் பழைய கோப்புகளைக் கழிக்கும்போது அந்தத் தாளின் பிரதி ஒன்றை இளம் ஆசிரியையிடம் கேட்டு வாங்கியிருந்தேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. தெரிந்திருக்கும். அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினேன்.

தாய் கதவைத் திறந்தார். "ஐயோ, டீச்சர்!" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். கதிரையைத் துடைத்துப் போட்டார். தேத்தண்ணி வைக்கப் போனார். வேண்டாம் என்று தடுத்து, முதலில் இதைக் கேளுங்கள் என்றேன். அவனும் இருந்தான். தோள் அகன்று, தகப்பனைப் போல ஆகியிருந்தான். நான் சொன்னேன். தாள் வந்தது, கூட்டத்தில் நான் தடுத்தது, அவர்கள் வந்த அன்று எனக்கு நினைவு இருந்தது, நான் எழும்பாதது, அந்தக் கரண்ட் வேலைப் பொடியனிடம் பொய் சொன்னது. சுருக்கவில்லை.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கீழே பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடும் சத்தம் கேட்டது. பிறகு தாய், குரலை உயர்த்தாமல், ஒன்று மட்டும் சொன்னார்.

"உங்கக்கிட்டதானே கேட்டேன் டீச்சர்."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை. அவர் அதிகாரியிடம் போகவில்லை, அமைச்சிடம் போகவில்லை. அவருக்குத் தெரிந்த அரசாங்கம் நான்தான். என் மேசைதான் அவருக்கு வலயம். அங்கே வந்துதான் கேட்டார்.

அவன் தாளை வாங்கினான். ஆறுதலாக வாசித்தான். 26 பாடங்களின் பட்டியலில் விரலை வைத்து ஒவ்வொன்றாகக் கீழே போனான். மின்னியலில் கொஞ்சம் நின்றான். உலோக வேலையில் நின்றான். அரங்கக் கலைக்கு வந்தபோது என்னை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தான். ஐந்து வருடத்துக்கு முன் நான் அவன் தாளில் விரல் ஓட்டியது எனக்கு நினைவு வந்தது.

"இப்ப இதில சேரலாமா டீச்சர்?" என்று கேட்டான்.

"இல்ல மகன். இது சாதாரண தரம் முடிந்த கையோடு சேர வேண்டிய வகுப்பு."

அவன் தாளை மடித்தான். நான் கொண்டுபோன இன்னொரு விஷயத்தைச் சொன்னேன். வேலை செய்தே பழகியவர்களுடைய திறமையைச் சோதித்து, அதே தேசிய தொழில் தகைமையைக் கொடுக்கும் வழி ஒன்று இருக்கிறது. முன்பே கற்றதை அங்கீகரிக்கும் முறை என்பார்கள். அதற்குத் தொழிலில் அனுபவம் வேண்டும். கரண்ட் வேலையோ ஒட்டு வேலையோ யாரிடமாவது கூட நின்று செய்தால் அந்த வழியில் போகலாம். எங்கே கேட்க வேண்டும், என்ன ஆதாரம் வேண்டும் என்று தொலைபேசியில் கேட்டு எழுதிக்கொண்டு போயிருந்தேன். அந்த அழைப்புக்கு எனக்கு எடுத்தது ஏழு நிமிடம்.

"நாள் சம்பளத்த விட்டுட்டுப் போகணும்" என்றான். "பார்ப்பம் டீச்சர்."

மன்னித்துவிட்டேன் என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் பழைய மரியாதையில் சொல்லியிருப்பான். அதையும் அவனிடமிருந்து பறிக்க எனக்கு உரிமை இல்லை.

2025இல் மீண்டும் ஒரு பெரிய கல்விச் சீர்திருத்தத்தை அறிவித்தார்கள். இதுவும் நல்லதா, நிலைக்குமா என்று விவாதிக்கிறார்கள். விவாதிக்கட்டும். எனக்கு அதில் தீர்ப்புச் சொல்லும் தகுதி இல்லை. எனக்குத் தெரிந்தது ஒன்று. எந்தத் திட்டமும் கொழும்பில் அச்சாகி, மாகாணம், வலயம், கோட்டம் எல்லாம் கடந்து, கடைசியில் ஓர் ஆசிரியரின் மேசையில் வந்து விழும். அந்த மேசையில் இருப்பவருக்கு அது பிடிக்காமல் போகலாம். பிழை என்று கூடத் தோன்றலாம். எதிர்த்துப் பேசலாம். ஆனால் அந்தத் தாள் அவருடையது இல்லை. அது கேட்க வந்து நிற்கிற தாயினுடையது. அதை அவருக்கு வாசித்துக் காட்டிவிட்டுப் பிறகு தன் கருத்தைச் சொல்லலாம். நான் என் கருத்தை வைத்துக்கொண்டு தாளைப் பூட்டினேன்.

போன மாதம் பழைய பாடசாலைக்குக் கூப்பிட்டார்கள். கூத்துக்குப் பிள்ளைகளைப் பழக்கித் தரச் சொன்னார்கள். ஒத்திகை மண்டபத்தின் மூலையில் அந்தப் படகு இன்னும் இருந்தது. ரிஜிபோம் உதிர்ந்துவிட்டது. வலை மக்கிவிட்டது. நான் கயிற்றைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். மூங்கிலும் பெயாரிங்கும் அப்படியே இருந்தன. படகு அசைந்தது.

செய்தவன் யார் என்று ஒரு சிறு பிள்ளை கேட்டது. இந்த முறை அவன் பெயரைச் சொன்னேன். பல வருடம் பிந்திய பதில். அதைக் கேட்க அவன் அங்கே இருக்கவில்லை. அது வேலை நாள்.